சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மீட்பு (2009)

மோசடியால் கவிழவிருந்த ஒரு பெரிய தனியார் நிறுவனத்தை, கருவூலப் பணத்தைத் தொடாமல் இந்திய அரசு கரை சேர்த்த நிகழ்வு. ஐதராபாத்தில் 1987-இல் தொடங்கப்பட்ட இந்தத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அப்போது சுமார் 50,000 பேர் வேலை பார்த்தனர்.

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் பி. ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகப் பொய்க்கணக்கு எழுதிவந்ததைக் கடிதம் மூலம் ஒப்புக்கொண்டார். ஏட்டில் இருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை. வராத வட்டி 376 கோடி வரவாக எழுதப்பட்டிருந்தது. 1,230 கோடி கடன் மறைக்கப்பட்டிருந்தது. பங்கு விலை அன்றே முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

அரசு இரண்டே நாளில் பழைய இயக்குநர் குழுவை அகற்றியது. கிரண் கார்னிக், தீபக் பரேக், சென்னையின் ஆடிட்டர் டி. என். மனோகரன் உள்ளிட்ட ஆறு பேர் அடுத்த சில நாட்களில் நியமிக்கப்பட்டனர். முதல் கவலை மாதச் சம்பளம். வாடிக்கையாளர்களிடம் நின்ற பாக்கியை வசூலித்தும், வங்கிகளில் 600 கோடி கடன் வாங்கியும் சமாளித்தனர். நிறுவனத்தை விற்க ஏப்ரலில் நடந்த ஏலத்தில் எல் அண்ட் டி ஒரு பங்குக்கு 45.90 ரூபாய் கேட்டது. 58 ரூபாய் கேட்ட டெக் மஹிந்திரா வென்றது.

இதற்கு மாறாக, அதே ஆண்டில் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸை மீட்க அமெரிக்க அரசு சுமார் 5,000 கோடி டாலர் போட்டது. 2013-இல் கடைசிப் பங்கை விற்றபோது 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டம். சத்யத்தில் தொழிலும் வாடிக்கையாளரும் நிஜம், பொய்யானது கணக்கு மட்டுமே. அதனால்தான் பணமில்லாத மீட்பு பலித்தது. தொழிலே நொடித்த நிறுவனத்துக்கு இந்த வழி பொருந்தாது. ஆனாலும் முதலாளியை வெளியேற்றிவிட்டு நிறுவனத்தைக் காத்த அந்த வரிசை எந்த மீட்புக்கும் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

ராஜுவுக்கு 2015-இல் விசாரணை நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இந்தியாவின் சிறு முதலீட்டாளர்கள்தான் கைவிடப்பட்டார்கள். அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கியவர்கள் கூட்டு வழக்கில் 12.5 கோடி டாலர் இழப்பீடு பெற்றனர். இந்திய முதலீட்டாளர்களுக்கு அத்தகைய வழக்குக்கான சட்டப்பிரிவே 2013 கம்பெனிகள் சட்டத்தில்தான் வந்தது.