பழைய மேசைக்கணினியை வேகப்படுத்தல் – கொழும்பு

பழைய மேசைக்கணினியை வேகப்படுத்தல் என்பது, பல ஆண்டுகள் பாவித்த கணினியின் பெட்டியையும் மதர்போட்டையும் வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் சில பாகங்களை மட்டும் மாற்றி, அதை மறுபடியும் அன்றாட வேலைக்கு ஏற்றதாக்குவது. கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும் (கொழும்பு 6) கொட்டாஞ்சேனையிலும் (கொழும்பு 13) இதற்குத் தேவை அதிகம். கொழும்பு 6 இன் தொடர்மாடி வீடுகள், ரியூசன் நிலையங்கள், கொழும்பு 13 இன் அச்சகங்கள், தட்டச்சு மொழிபெயர்ப்புக் கடைகள் என்று பல இடங்களில் பத்துப் பதினைந்து வயதான கணினிகள் இன்னமும் வேலை செய்கின்றன. இவற்றில் பல பழுதானவை அல்ல, மந்தமானவை. இந்த வேறுபாடு தெரியாமல் கழிக்கப்படும் கணினிகள் ஏராளம். அதைவிட வருத்தம் தருவது, செலவு செய்தும் வேகம் கிடைக்காமல் போவது. எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது என்ற ஒழுங்கு பிழைத்தால் அப்படித்தான் நடக்கும்.

பின்னணி

பழைய கணினியைத் தேடி எடுக்க வைத்த முதல் நெருக்கடி 2020 மார்ச்சில் வந்தது. கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்கு மேலும் கிடந்த கணினிகள் பல வீடுகளில் மறுபடி மேசைக்கு ஏறின. அடுத்தது 2022. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவரை போனது. கணினிப் பாகங்கள் முழுக்க இறக்குமதிப் பொருட்கள் என்பதால் புதுக் கணினி வாங்கும் எண்ணத்தையே பலர் கைவிட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 விழுக்காடானது. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கொள்வனவால் உலகெங்கும் ரேம் விலை ஏறத் தொடங்கியது.

பாகங்கள் வாங்கக் கொழும்பில் பெரும்பாலோர் போகும் இடம் பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம், மஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் உள்ள யுனிட்டி பிளாசா. மாடிக்கு மாடி கணினிக் கடைகள் உள்ள கட்டிடம் அது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் சில நிமிடப் பயணம்.

வேகம் எங்கே தடைப்படுகிறது

கணினி மந்தமானால் கடைகளில் முதலில் சொல்லப்படும் வைத்தியம் போர்மட் பண்ணுவது. விண்டோஸைப் புதிதாகப் பதித்தால் சில வாரங்களுக்கு வித்தியாசம் தெரியும், பிறகு பழையபடி ஆகிவிடும். காரணம், நோய் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10 உள்ள பழைய கணினியொன்றைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். டெஸ்க்டொப் தெரிந்த பிறகும் சுட்டி அருகே நீல வளையம் சுற்றிக்கொண்டிருக்கும், பெட்டியின் முன்பக்கத்துச் சிறு விளக்கு அணையாமல் எரியும். அந்நேரம் டாஸ்க் மானேஜரைத் திறந்தால் சிபியு பெரிதாக வேலையின்றி இருக்கும். டிஸ்க் என்ற நிரலில் மட்டும் 100 விழுக்காடு என்று காட்டும்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, முனை அந்த வரிக்கு நகர இன்னொரு எட்டு ஒன்பது மில்லிசெக்கன். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை ஒரு செக்கனில் நூறு தடவைக்கு மேல் தேடி எடுப்பது அதற்கு முடியாத காரியம். விண்டோஸ் தொடங்கும்போதும் வைரஸ் தடுப்பு ஓடும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் கேட்கப்படுவதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். எஸ்எஸ்டி என்ற திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டே இல்லை. ஒரு கோப்பை எட்ட மில்லிசெக்கனில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே ஒரேயொரு பாகத்துக்கு மட்டும்தான் பணம் உண்டென்றால் அது எஸ்எஸ்டிக்கே போகவேண்டும். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

பெட்டியில் செக்கனுக்கு 550 மெகாபைட் என்று எழுதப்பட்ட எஸ்எஸ்டியைப் பழைய மதர்போட்டில் போட்டால் அந்தளவு வராமல் போகலாம். பழைய கணினிகளில் அடிக்கடி காணப்படும் எச்61 சிப்செட்டில் உள்ள சாட்டா இணைப்புகள் 3 ஜிகாபிட் வகை. ஆகக் கூடியது 280 மெகாபைட் அளவுதான் கிடைக்கும். அதற்காக வேண்டாம் என்று திரும்பக்கூடாது. உணரப்படும் வேகம் தேடும் நேரத்தில்தான் இருக்கிறது, அது இந்தப் போட்டிலும் முழுதாகக் கிடைக்கும். இத்தகைய போட்களுக்கு விலை கூடிய என்விஎம்இ வகையை விற்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடலாம். அதைப் பொருத்த இடமும் இல்லை, அடப்டர் போட்டுப் பொருத்தினாலும் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்கப் பழைய பயோஸுக்குத் தெரியாது. 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, இதுவே போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் படங்களும் ஆவணங்களும் வைக்க இரண்டாவது டிஸ்க்காக விட்டுவிடலாம். அதற்கு முன் அது நலமாக இருக்கிறதா என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் பார்ப்பது அவசியம். மஞ்சள் நிறம் காட்டினால் முதல் வேலை குடும்பப் படங்களை வேறிடத்துக்குப் பிரதி எடுப்பது, மற்றதெல்லாம் பிறகு.

ரேம்

இரண்டாவது செலவு ரேம். 4 ஜிபியுடன் விண்டோஸ் 10 தொடங்கும், ஆனால் சூம் வகுப்பு ஒன்றும் பிரவுசரில் நாலைந்து பக்கங்களும் சேர்ந்தால் நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்க்கை ரேமாகப் பாவிக்கும், மந்தம் திரும்பி வரும். 8 ஜிபி வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் போதும். போட்டோஷொப்பில் வேலை செய்யும் ஸ்டூடியோ என்றால் 16. பதிக்கப்பட்டிருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் எடுக்கும். இதை மறந்து ரேம் வாங்கியவர்கள் பலர்.

டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முள்கள், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறும். டிடிஆர்4 இல் 288 முள்கள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அழுத்திச் சொருக முயன்றால் போட் உடையலாம். டிடிஆர்3 இல் வேறொரு பொறியும் உண்டு. மிக மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி துண்டுகள் சில ஏஎம்டி போட்களுக்கு மட்டும் ஒத்துப்போகும், இன்டெல் போட்டில் திரையே வராது. வாங்குமுன் கடையிலேயே போட்டுப் பார்த்து எடுப்பது நல்லது. ஒரு 8 ஜிபி துண்டைவிட இரண்டு 4 ஜிபி துண்டுகள் மேல், இரட்டைத் தடத்தில் ஓடுவதால்.

கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தையில் ரேம் பற்றிச் சொல்ல இன்னொன்று உண்டு. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று யன்னல் வழியே உள்ளே வரும், பொன்னிறத் தொடுகைகளில் மெல்லிய படலம் பிடிக்கும். ஒரு நாள் கணினி திரை காட்டாமல் பீப் பீப் என்று கத்தத் தொடங்கும். மின்சாரத்தைக் கழற்றி, ரேமை எடுத்து, தொடுகைகளைப் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் ஊதி மறுபடி மாட்டினால் பல தடவை உயிர் வந்துவிடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் செய்து பார்க்க வேண்டிய காரியம் இது.

புரொசெசரும் கிராபிக்ஸும்

புரொசெசரை மாற்றுவது கடைசி. எல்ஜிஏ 1155 சொக்கெட் போட்டில் பென்டியம் அல்லது கோர் ஐ3 இருந்தால், அதே சொக்கெட்டுக்குரிய பாவித்த கோர் ஐ5 ஒன்றைப் போடலாம். இரண்டு கோர் நான்காகும். 2012 இல் வந்த ஐவி பிரிட்ஜ் வகையைப் போடுமுன் போட்டின் பயோஸைப் புதுப்பிக்க வேண்டிவரலாம். 2017 முதல் வந்த ஏஎம்டி ஏஎம்4 போட் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். முதல் தலைமுறை ரைசன் இருந்த அதே போட்களில் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்தால் 5000 வரிசை ரைசன் ஓடும். இன்டெல் பக்கம் அந்த நீண்ட ஆயுள் கிடைக்கவில்லை. எதை மாற்றினாலும் பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும். புரொசெசரை மாற்றாவிட்டாலும் அடைத்துப்போன விசிறியைத் துப்புரவாக்கிப் பசை மாற்றுவது பலன் தரும். சூடேறிய புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். துறைமுகத்துக்குப் பக்கத்தில், நாள் முழுதும் லொறிகள் ஓடும் கொட்டாஞ்சேனையில் தூசி சேர அதிக காலம் எடுக்காது.

கிராபிக்ஸ் அட்டை விளையாட்டுக்கும் வீடியோ வெட்டுவதற்கும் மட்டும்.

மின்சாரம்

புதுப் பாகங்களைப் பழைய பவர் சப்ளையில் மாட்டுவது கொழும்பில் அடிக்கடி நடக்கும் தவறு. மலிவுப் பெட்டியோடு இலவசமாக வரும் பவர் சப்ளையில் 500 வாட் என்று எழுதியிருக்கும், ஆனால் அந்தச் சுமையைத் தாங்காது. போட்டையும் பார்க்கவேண்டும். அதில் உள்ள உருளைக் கொள்ளளவிகளின் தலை தட்டையாக இருக்கவேண்டும். வீங்கியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போட்டுக்குச் செலவு செய்யக்கூடாது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்த நாட்கள் போய்விட்டாலும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டிலுமே கோப்புகள் கெடலாம். ஆகவே எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் அடுத்து எதை வாங்குவது என்று கேட்கும் அச்சகத்தாருக்குச் சொல்லவேண்டிய பதில் யூபிஎஸ். யூபிஎஸ் ஏற்கெனவே இருந்தால் அதன் 12 வோல்ட் மின்கலத்தைப் பார்க்கவேண்டும். ஈய அமில மின்கலம் கொழும்பின் வெப்பத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி பலமாக இருக்கும். அப்போது மின்செருகியோடு, செப்புத் தொலைபேசிக் கம்பியில் ஓடும் ரவுட்டரின் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அதன் வழியே வந்து போட்டின் நெட்வேர்க் இணைப்பைச் சுட்டுவிடும்.

பாமினியும் பேஜ்மேக்கரும்

இலங்கைத் தமிழ்த் தட்டச்சில் பழைய கணினிகள் விடாமல் நிற்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டி மலர், கோவில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், பாடசாலைச் சஞ்சிகை என்று ஆண்டாண்டுகளாகச் செய்த வேலைகள் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் கோப்புகளாகக் கிடக்கின்றன. அடோபி நிறுவனத்தின் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001 இல் வந்தது. பாமினி ஒருங்குறிக்கு முந்திய எழுத்துரு. தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டவை. அந்த எழுத்துரு பதிக்கப்படாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

ஆகவே விண்டோஸை அழித்துப் புதிதாகப் பதிக்குமுன் எழுத்துருக் கோப்புறை முழுவதையும் பிரதி எடுக்கவேண்டும். மிகப் பழைய 16 பிட் மென்பொருட்கள் 64 பிட் விண்டோஸில் ஓடா. 32 பிட் மென்பொருட்கள் பெரும்பாலும் ஓடும். பழைய பிரிண்டர், ஸ்கானர் ஆகியவற்றுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பதும் நல்லது. பாதுகாப்பான வழி, பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் மட்டும் புதிய விண்டோஸைப் பதிப்பது. ஏதாவது பிழைத்தால் பழையதை மாட்டி அன்றைய வேலையை முடித்துக் கொடுக்கலாம். நேரம் கிடைக்கும்போது பாமினிப் பிரதிகளை மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்குக் கொண்டுவரவேண்டும். மலர்களில் அச்சான வாழ்க்கைக் குறிப்புகள் பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் நின்றுபோனால் அவையும் போய்விடும்.

எல்லை

விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 உம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் வேண்டும். 1155 சொக்கெட் கணினிக்கு என்ன செய்தாலும் அந்தத் தகுதி வராது. மைக்ரோசொப்ட் வீட்டுப் பாவனையாளருக்கு விண்டோஸ் 10 இன் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்தியல்ல. இணையம், யூடியூப், கடிதம் எழுதுதல் இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் இலவசம், எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் உள்ள பழைய கணினியில் நன்றாக ஓடும், தமிழ் விசைப்பலகையும் உண்டு.

எஸ்எஸ்டி, ரேம், புரொசெசர், பவர் சப்ளை நான்கையும் மாற்றவேண்டும் என்ற நிலை வந்தால் நிறுத்தி விலை பார்க்கவேண்டும். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ கணினிகள் கொழும்புக் கடைகளில் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறை உள்ள ஒன்றின் விலை அந்த நான்கு பாகங்களின் விலைக்குக் கிட்ட வந்தால் அதையே எடுக்கலாம். ஆனால் இவற்றில் சில மாடல்களின் பவர் சப்ளையில் வழமையான 24 முள்ளுக்குப் பதில் 6 அல்லது 8 முள் இணைப்பு இருக்கும். அது பழுதானால் சாதாரணக் கடைச் சாமான் பொருந்தாது. ஒடுங்கிய பெட்டி என்றால் முழு உயரக் கிராபிக்ஸ் அட்டையும் உள்ளே போகாது.

கழித்த பாகங்களை மாநகர சபைக் குப்பையோடு போடக்கூடாது. போட்டில் ஈயம் இருக்கலாம், யூபிஎஸ் மின்கலத்தில் ஈயமும் அமிலமும் உண்டு. இலங்கையில் இலத்திரனியல் கழிவு 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்கீழ் பட்டியலிடப்பட்ட கழிவாகும். அதைச் சேகரிப்போர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டும். கணினியைக் கொடுக்குமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்வது உரியவரின் பொறுப்பு.