கம்ரான் தீவு முதல் மினா வரை
ஹஜ் பயணமும் உடல்நலமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 



ஹஜ்ஜுக்கு விண்ணப்பிப்பவரிடம் இன்று மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. புறப்படும் முன் தடுப்பூசி போடப்படுகிறது. இவற்றையெல்லாம் அரசாங்கம் வைக்கும் வீண் தொல்லை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பெயர் நீக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் சர்க்கரை நோயையும் இதய நோயையும் மறைப்பவர்கள் உண்டு. "அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறோம், அவன் பார்த்துக்கொள்வான்" என்று மாத்திரைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்பவர்களும் உண்டு.

இந்த விதிகள் யாரோ ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து எழுதியவை அல்ல. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இஹ்ராம் உடையிலேயே உயிர் நீத்த ஆயிரக்கணக்கான ஹாஜிகளின் வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், மருத்துவச் சான்றிதழை நாம் பார்க்கும் பார்வை மாறும், இன்ஷா அல்லாஹ்.

மார்க்கம் முன்பே காட்டிய வழி

ஹிஜ்ரீ 18ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டில் 'அம்வாஸ்' கொள்ளைநோய் பரவியது. அந்நாட்டை நோக்கிப் பயணம் செய்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், எல்லையிலுள்ள 'ஸர்க்' என்னும் இடத்தில் செய்தி அறிந்து, தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். திரும்பிவிடுவது என்று முடிவானபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பி ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நோய் பரவியுள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற பொருளுடைய நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

ஹஜ்ஜிலும் நோயாளிக்கு மார்க்கம் வாசலை அடைத்துவிடவில்லை. இறுதி ஹஜ்ஜின்போது துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்ற அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்கு, குளித்துவிட்டு இஹ்ராம் அணியுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்ய அனுமதிக்கப்பட்டார்கள். தலையில் பேன் தொல்லையால் வருந்திய கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்களுக்கு, முடியை மழித்துப் பரிகாரம் கொடுக்கும் சலுகை கிடைத்தது. ஆகவே உடல்நிலையைக் கவனித்துக் கொள்வது தவக்குலுக்கு முரணானதன்று; ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவதே நாயக வழி.

மதுரையில் நோயுற்ற பயணி

பயணி நோயுறுவது எந்நாட்டுக்கும் பொது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்னு பதூதா நமக்கு அண்மையிலுள்ள மதுரைக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாஸுத்தீன். நகரில் கடுமையான கொள்ளைநோய் பரவியிருந்தது. பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாட்களில் மாண்டனர் என்று அவர் தம் பயண நூலில் குறித்துள்ளார். அவரையும் கடும் காய்ச்சல் பற்றியது. நம் ஊர்ப் புளியை நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போன பின் அல்லாஹ்வின் அருளால் குணமடைந்ததாக எழுதுகிறார். உலகம் சுற்றிய அந்த மார்க்க அறிஞர் 'விதிப்படி நடக்கட்டும்' என்று படுத்துவிடவில்லை. கைக்கு எட்டிய மருந்தைத் தேடினார்.

1865இன் பேரிழப்பு

ஹிஜாஸுக்குக் காலரா, அதாவது நம் முன்னோர் 'வாந்திபேதி' என்றழைத்த நோய், முதன்முதலில் 1831இல் சென்றது. 1817இல் வங்காளத்தில் தலைதூக்கிய அந்நோய், வணிகர், படைவீரர், யாத்திரிகர் ஆகியோரின் வழித்தடங்களைப் பின்பற்றி மேற்கே நகர்ந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் பயணம் பல வாரங்கள் நீடித்ததால், நோய் கடலிலேயே ஓய்ந்துவிட வாய்ப்பிருந்தது. நீராவிக் கப்பல் வந்தபின் நோயும் விரைவாகப் பயணம் செய்தது.

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் ஏறத்தாழ 90,000 பேர் கூடினர் என்றும், அவர்களில் சுமார் 15,000 பேர் காலராவில் மாண்டனர் என்றும் கணிக்கப்பட்டுள்ளது. ஆறு பேருக்கு ஒருவர்! திரும்பிய ஹாஜிகளோடு நோய் சூயஸுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கும் பரவியது. மறு ஆண்டு, 1866இல், இஸ்தான்பூலில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. ஹஜ் பயணிகளின் உடல்நலம் அன்றிலிருந்து உலக அரசுகளின் விவாதப் பொருளாயிற்று.

அந்நோய் அசுத்தமான நீரால் பரவுகிறது என்று லண்டனில் மருத்துவர் ஜான் ஸ்னோ 1854இலேயே சுட்டிக்காட்டியிருந்தும், அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1884இல் ராபர்ட் கோஹ் கல்கத்தாவில் தம் ஆய்வை முடித்த பின்னரே கிருமி உறுதியானது. காரணம் தெரியாமலே எத்தனையோ ஹாஜிகள் நோயுள்ள நீரை அருந்தி உயிர் நீத்தனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

கம்ரான் தீவில் காத்திருப்பு

அக்காலத்தில் நம் பகுதியிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றவரின் பாதையை எண்ணிப் பாருங்கள். திண்டுக்கல் வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ரயில் மாறி மாறிப் பம்பாய். பம்பாய் முஸாஃபிர்கானாவில் கப்பலுக்காகக் காத்திருப்பு. பின்னர் நெரிசலான கப்பலின் மேல்தளத்திலும் அடித்தளத்திலும் அரபிக்கடல் பயணம். செங்கடலுக்குள் நுழைந்ததும் ஜித்தாவுக்குப் போக முடியாது. யமன் கரையோரமுள்ள கம்ரான் தீவில் இறங்கியாக வேண்டும்.

1880களின் தொடக்கத்தில் உஸ்மானிய அரசு அங்கே தொற்றுத்தடை முகாமை அமைத்தது. தெற்கிலிருந்து வரும் ஹாஜிகள் அங்கு இறக்கப்பட்டு, குளிக்கவைக்கப்பட்டு, உடைகளும் மூட்டைகளும் நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டனர். இதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. வெயில், குடிநீர்க் குறை, மொழி தெரியாத காவலர் எனத் துன்பங்கள் பல. ஐரோப்பிய அரசுகள் இதில் காட்டிய ஆர்வத்துக்கு ஹாஜிகள் மீதான பரிவைவிடத் தம் துறைமுகங்களைப் பற்றிய அச்சமே பெரிய காரணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோயுள்ள கப்பலைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு ஒன்று இருந்ததே பிற்காலத்தில் பல உயிர்களைக் காத்தது.

வட திசைக்குத் திரும்பிய ஹாஜிகளுக்குச் சினாய்க் கரையிலுள்ள அத்தூர் என்னுமிடத்தில் இன்னொரு முகாம் இருந்தது. 1905இல் அங்கு மாண்ட ஹாஜிகளின் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட காலராக் கிருமி வகைக்கு 'எல்தோர்' என்ற பெயர் நிலைத்தது. மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் அப்பெயரில் ஹாஜிகளின் துயரம் உறைந்துள்ளது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897இல் அங்கிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பல் புறப்படுவதை ஆங்கில அரசு தடை செய்தது. மக்களிடையே வருத்தமும் சினமும் எழுந்தன. ஆட்சியாளர் அந்நியராயினும், நோயுள்ள ஊரிலிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியின் கருத்து அத்தடையோடு பொருந்தி நிற்பதைக் காணலாம்.

டாக்டர் அப்துர் ரஸ்ஸாக்

இந்த வரலாற்றில் நாம் நினைவில் கொள்ள வேண்டிய இந்திய முஸ்லிம் ஒருவர் உண்டு. வங்காள மருத்துவப் பணியிலிருந்த டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் 1878இல் ஹாஜிகளோடு மக்காவுக்குச் சென்று, அங்குள்ள சுகாதார நிலையையும் ஹாஜிகளின் மருத்துவத் தேவைகளையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். முஸ்லிம் அல்லாத அதிகாரி நுழைய முடியாத புனித நகரில், ஹாஜிகளுள் ஒருவராக நின்று அவர்களின் குறைகளை எழுதியவர் அவர். 1882இல் ஜித்தாவில் துணைத் தூதராக நியமிக்கப்பட்டார். 1895இல் ஜித்தா நகருக்கு வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். இன்று இந்திய அரசு ஆண்டுதோறும் மக்காவுக்கும் மதீனாவுக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் அனுப்பி மருந்தகங்கள் நடத்துகிறது. அத்தேவையை முதலில் எழுத்தில் உணர்த்தியவர்களுள் அவரும் ஒருவர்.

1957இல் சர்வதேச சுகாதார விதிகளிலிருந்து ஹஜ்ஜுக்கென இருந்த தனிப் பிரிவுகள் நீக்கப்பட்டன. ஹாஜிகளின் சுகாதாரப் பொறுப்பைச் சவூதி அரசே ஏற்றது. நம் நாட்டிலிருந்து கப்பல் வழி ஹஜ் 1995உடன் முடிவுற்றது. கம்ரானில் நாட்கணக்கில் நடந்த சோதனை, விமானம் ஏறுமுன் கையில் இருக்க வேண்டிய ஒரு சான்றிதழாகச் சுருங்கியது.

தடுப்பூசி வந்த வழி

1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவியது. அதன்பின் அதற்கான தடுப்பூசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கியது. 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் வேறொரு வகைக் கிருமியால் அதே நோய் மீண்டும் பரவியது. அப்போது நோயுற்றவர்களில் ஹஜ்ஜுக்கே செல்லாதவர்களும் இருந்தனர். திரும்பி வந்த ஹாஜிகளின் வீட்டாருக்கும் அது தொற்றியிருந்தது. அதனால் 2002 முதல் நான்கு வகைக் கிருமிகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாயிற்று. சவூதி சென்றடையும் நாளுக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும்.

ஊசியைத் தவிர்த்துச் சான்றிதழை மட்டும் 'ஏற்பாடு' செய்ய முயல்பவர், ஜம்ஜம் நீரோடும் பேரீச்சம்பழத்தோடும் தம் பேரக்குழந்தைக்கு எதைக் கொண்டுவரக்கூடும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

2024இன் வெப்பம்

அண்மைய பாடம் வெப்பத்தால் வந்தது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பநிலை 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் இறந்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான ஹஜ் அனுமதி இல்லாமல் சென்றவர்கள். அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரம் இல்லை, பேருந்து இல்லை. நிழலின்றி நெடுந்தூரம் நடந்தனர். குறைந்த செலவில் 'விசிட் விசா'வில் ஹஜ் செய்து வைக்கிறோம் என்று ஆசை காட்டுபவர்களை நம்பினால் பணம் மட்டுமன்றி உயிரும் போகக்கூடும். ஹஜ் கடமையாவதற்குச் 'சக்தி பெற்றிருத்தல்' நிபந்தனை. பொருளாதாரம், உடல்நலம், பாதுகாப்பான பாதை ஆகிய மூன்றையும் ஃபிக்ஹு அறிஞர்கள் அதில் சேர்த்துள்ளனர்.

நாம் செய்ய வேண்டியவை

ஹஜ், உம்ரா செல்வோரும், வேலை நிமித்தம் வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்வது நலம்.

1. நோயை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தொடர்ந்து உண்ணும் மாத்திரைகளைப் பயண நாட்களைவிடச் சற்றுக் கூடுதலாக, மருத்துவரின் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா, சவூதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட போதைப்பொருள் வகையில் அடங்கும். சில வலி மாத்திரைகளுக்கும், தூக்க மாத்திரைகளுக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே கடும் கட்டுப்பாடு உண்டு. பிறர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிச் செல்லாதீர்கள்.

3. நண்பகல் வெயிலைத் தவிருங்கள். குடை பிடிப்பதால் ஆண்களின் இஹ்ராமுக்குக் குறை வராது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துங்கள். சர்க்கரை நோயாளிகள் சுடும் தரையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்.

4. ஒட்டகங்களிலிருந்து பரவக்கூடிய 'மெர்ஸ்' என்னும் சுவாச நோய் 2012இல் சவூதியில் கண்டறியப்பட்டது. காய்ச்சாத ஒட்டகப் பாலைத் தவிருங்கள்.

5. மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைப் பெண்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி உண்ண வேண்டாம்.

6. சவூதியில் அவசர ஊர்திக்கு 997 என்ற எண்ணை அழைக்கலாம்.

7. நடக்க இயலாதவர் சக்கர நாற்காலியில் தவாஃபும் ஸயீயும் செய்யலாம். கல்லெறியப் பிறரைப் பகரமாக்கலாம். நோயால் தடைபடும் அச்சமுள்ளவர் இஹ்ராமின்போதே அதை நிபந்தனையாகக் கூறிக்கொள்ள ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் நோயும் 'இஹ்ஸார்' எனும் தடையாகக் கருதப்பட்டு, குர்பானி மூலம் இஹ்ராமிலிருந்து விடுபட வழியுண்டு. குணமாகும் நம்பிக்கை அற்றவருக்குப் 'பதல் ஹஜ்' உண்டு. விவரங்களைப் புறப்படும் முன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பெற்றோரை அனுப்பி வைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வழியனுப்பு விருந்துக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையேனும் அவர்களின் மருத்துவப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கம்ரான் தீவின் மணலில் அடங்கியுள்ள ஹாஜிகளுக்குக் கிடைக்காத வசதிகளை அவன் நமக்குத் தந்துள்ளான். அவற்றைப் புறக்கணிப்பது பேணுதலாகாது.

அந்த முன்னோர்களின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம் ஜமாஅத்தார் அனைவருக்கும் நல்ல உடல்நலத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜை நிறைவேற்றி, நலமே இல்லம் திரும்பும் பாக்கியத்தை வழங்குவானாக! ஆமீன்.