ஒரு சென்ட் வைரம்

எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் சென்ட் என்றால் நிலம்தான். நூறு சென்ட் ஒரு ஏக்கர். வைரத்துக்கும் சென்ட் உண்டு, நூறு சென்ட் ஒரு காரட், அதாவது 200 மில்லிகிராம் என்பதெல்லாம் ஆயாவின் ஏழுகல் தோட்டை அடகு வைக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் ஆபரேஷனுக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. ஆயா தானே திருகைக் கழற்றி, தோட்டைத் துணியில் முடிந்துகொண்டு என்னோடு வந்தாள். மாந்தோப்புக் குத்தகைப் பணத்தில் அவளுடைய அம்மா வாங்கிப் போட்டது. கடைக்காரர் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. தராசில் வைத்தார், கல்லுக்கென்று ஒரு எடையைக் கழித்தார், மிச்சத்துக்குக் கணக்குப் போட்டார்.

“கல்லுக்கு எவ்வளவுப்பா?”

“கல்லுக்குப் பணம் இல்லைங்க பாட்டிம்மா. தங்கத்துக்கு மட்டும்தான்.”

“கல்லுக்காகத்தானே எங்கம்மா இதை வாங்குனா?”

அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. வைரத்தையும் தங்கம் மாதிரி எங்கே கொண்டுபோனாலும் காசாகிற சரக்காக மாற்ற எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

தங்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. உருக்கினால் எல்லாத் தங்கமும் ஒன்றுதான். யார் செய்தது, யார் போட்டது என்பதெல்லாம் அனலில் போய்விடும். மிச்சமிருப்பது எடையும் மாற்றும் மட்டும். 1990-களின் இறுதியில் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டனின் தனிஷ்க் கடைகள் காரட்மீட்டர் என்ற கருவியை வைத்து, நகையை உரசாமல் உருக்காமல் எக்ஸ்ரே கதிரில் மாற்றைக் காட்டின. பல வீட்டு நகைகள் சொன்ன மாற்றில் இல்லை என்பது அப்போது வெளியே வந்தது. ஒரே எண்ணில் உண்மை தெரிந்துவிடும் பொருள் தங்கம். வைரத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது.

அளவுகோல் இல்லாமலும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போது, ரத்தினக் கடைத்தெருவில் வைரத்தின் நான்கு குற்றங்களும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: காக்கைக்கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. ஆனால் அதைக் கண்டு சொல்ல வணிகனின் கண் வேண்டும். கண்ணை நம்பினால்தான் கல்லை நம்ப முடியும்.

அந்தக் கண்ணைக் காகிதமாக்கியது அமெரிக்கா. ஜெமாலஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா 1953-ல் நிறத்துக்கும் தெளிவுக்கும் படிநிலைகள் வகுத்தது, 1955-ல் முதல் தரச் சான்றிதழைக் கொடுத்தது. 1978-ல் நியூயார்க்கில் மார்ட்டின் ராப்பபோர்ட் ஒரு விலைப்பட்டியல் வெளியிட ஆரம்பித்தார். ஒரு பக்கம் நிறம், இன்னொரு பக்கம் தெளிவு, இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் விலை. பேருந்துக் கட்டண அட்டவணை மாதிரி. அதே சமயம் பணவீக்கத்துக்குப் பயந்தவர்கள் சான்றிதழ் வைரங்களை வாங்கிக் குவித்தார்கள். 1980-ல் விலை உச்சிக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் உயர்ந்ததில் பெரும்பகுதி காணாமல் போனது. பட்டியல் விலை வியாபாரிகளுக்குள் பேரம் தொடங்கும் இடம். விற்கப் போகிற சாதாரண ஆளுக்கு அந்த விலை கிடைப்பதில்லை.

இந்தியாவின் முறை 2017-ல் வந்தது. ஆகஸ்ட் 28 அன்று இந்தியன் கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச் வைரத்தில் முன்பேர வணிகத்தைத் தொடங்கியது. உலகிலேயே முதல் முறை என்றார்கள். சூரத்தில் டி பியர்ஸின் தரக்கூடம் கல்லைச் சோதித்து முத்திரையிடும், கல் பெட்டகத்தில் இருக்கும், கணக்கு மின்னணுவில் ஓடும். ஒரு சென்ட், ஒரு சென்ட்டாக வாங்கி, நூறு சேர்ந்ததும் ஒரு காரட் கல்லைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். மனை வாங்குகிற மாதிரி வைரம்.

யோசனை அழகானது. ஆனால் வைரம் அப்படிக் கூட்டிக் கழிக்கிற பொருள் இல்லை. எட்டு கிராம் தங்கத்தை எட்டாக வெட்டினாலும் எட்டு கிராம்தான். நூறு ஒரு சென்ட் கற்களைக் குவித்தாலும் ஒரு காரட் கல்லின் விலைக்குப் பக்கத்தில் வராது. 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே இதை ஒரு கணக்காகவே எழுதிவைத்தார்: எடை இரண்டு மடங்கானால் விலை நான்கு மடங்கு. அதனால் அந்தச் சந்தையில் விற்றது கல்லின் துண்டு அல்ல, கல்லின் விலையில் நூறில் ஒரு பங்கு. 2022 மே மாதம், நிகர மதிப்பு, கட்டமைப்பு விதிகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று அந்தச் சந்தையின் அங்கீகாரத்தையே செபி திரும்பப் பெற்றது.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. 1954 டிசம்பரிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் வைரம் செய்துவிட்டார். இப்போது நகைக்கான கற்களே ஆய்வகத்திலிருந்து வருகின்றன. 2023-ல் ஒன்றிய அரசு சென்னை ஐஐடிக்கு இதே ஆராய்ச்சிக்காக ஐந்தாண்டு மானியம் ஒதுக்கியது. 2018-ல் டி பியர்ஸ் தன் ஆய்வக வைரத்தைக் காரட் 800 டாலர் என்று விற்கத் தொடங்கியது: அரை காரட் 400, கால் காரட் 200. தவேர்னியேயின் கணக்கு அங்கே செல்லவில்லை. எடை போட்டு விற்கிற வைரம் கடைசியில் வந்தேவிட்டது, ஆனால் சேமித்து வைக்க உதவாத பண்டமாக. நிறம், தெளிவு, வெட்டு, எடை என்ற நான்கு எண்களில் கல்லை முழுதாகச் சொல்லிவிட்டால், அந்த நான்கையும் இயந்திரம் கொடுத்துவிடும். அப்புறம் எது அரிது?

தங்கத்துக்குக் கிடைத்த கடனில் ஆபரேஷன் நடந்தது, அப்பா தேறினார், தோட்டை மீட்டோம். ஆயா போன பிறகு தோடு என் தங்கையிடம் வந்தது. போன வருடம் பெங்களூரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டினாள். கற்கள் பின்பக்கம் மூடிக் கட்டப்பட்டவை, கழற்றினால்தான் சான்றிதழ் வாங்க முடியும் என்றாராம்.

“கழட்டிட்டா?” என்று கேட்டேன்.

“ஏழு கல்லும் ஏழு காகிதமும் இருக்கும்ணா. தோடு இருக்காது.”

அன்று சாயங்காலமே காதில் மாட்டிக்கொண்டு ஊத்தங்கரை பஸ் ஏறிவிட்டாள்.