அவசர ஊர்தி வானொலியில் குழூஉக்குறி: அமெரிக்க வழக்குகளின் வரலாறு

முன்னுரை

ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொற்களை நன்னூல் ‘குழூஉக்குறி’ எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கில் அடக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகளாகும். பிறர் அறியாமல் மறைத்தலே இவ்வழக்கின் நோக்கம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. இக்கருத்தைச் சோதித்தறிய ஏற்ற களமாக அமைவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆம்புலன்ஸ் வானொலிப் பேச்சாகும். ‘ஸ்கேனர்’ என்னும் அலைவரிசை தேடும் கருவியின் வழியாகப் பொதுமக்களும் நெடுங்காலம் அப்பேச்சைக் கேட்டு வந்தனர். எனினும், கேட்டோர் அனைவருக்கும் அது விளங்கவில்லை. அதன் காரணத்தை வரலாற்று நோக்கில் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

எண்குறிகளின் தோற்றம்

டெட்ராயிட் நகரக் காவல்துறை 1928ஆம் ஆண்டில் ஒருவழி வானொலியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் 1933இல் இருவழி வானொலி அமைந்தது. அலைவரிசைகள் சிலவே இருந்தமையால் பேச்சு சுருங்க வேண்டியதாயிற்று. இலினாய் மாநிலக் காவல்துறையின் தகவல் தொடர்புப் பொறுப்பாளரான சார்லஸ் ஹாப்பர் 1930களின் பிற்பகுதியில் ‘பத்து’ என்னும் சொல்லை முன்னொட்டாகக் கொண்ட எண்குறிகளை உருவாக்கினார்.

இம்முன்னொட்டுக்குத் தனிப்பொருள் இல்லை. அக்கால ஒலிபரப்பிகளில் பொத்தானை அழுத்திய பின்னரே மின்னோட்டம் தரும் சுழற்பொறி முழு வேகம் பெற்றது. அந்தச் சிறு இடைவெளியில் பேசிய முதல் அசை கேட்போரை எட்டவில்லை. ‘பத்து’ என்னும் சொல் அவ்விழப்பை ஏற்றுக்கொள்ள, அடுத்து வரும் எண் முழுமையாக ஒலித்தது. எனவே, இக்குறிகள் மறைத்தற்பொருட்டுப் பிறந்தவை அல்ல. தெளிவாகக் கேட்டற்பொருட்டுப் பிறந்தவை எனலாம். ‘செய்தி கிடைத்தது’ எனப் பொருள்படும் 10-4 என்னும் குறி 1950களின் தொலைக்காட்சித் தொடர்களாலும், 1970களில் பரவிய சரக்குந்து ஓட்டுநர்களின் வானொலிப் பேச்சாலும் பொதுவழக்காயிற்று.

புதிய தொழிற்குழுவும் வட்டாரப் பெயர்களும்

1960கள் வரை அமெரிக்க ஊர்கள் பலவற்றில் நோயாளிகளை ஏற்றிச் சென்றவை ஈமச்சடங்கு நிறுவனங்களின் ஊர்திகளே. விபத்து மரணம் குறித்துத் தேசிய அறிவியல் கழகம் 1966இல் வெளியிட்ட அறிக்கை இந்நிலையைக் கடிந்துரைத்தது. பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பினப் பணியாளர்களுடன் 1967இல் தொடங்கப்பட்ட ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை, பயிற்சி பெற்ற முதலுதவியாளர் என்னும் தொழிலுக்கு முன்மாதிரியாயிற்று. 911 என்னும் அவசர எண்ணில் முதல் அழைப்பு 1968இல் அலபாமாவின் ஹேலிவில் நகரிலிருந்து செய்யப்பட்டது. இவ்வாறு ஒரு புதிய தொழிற்குழு உருவானது.

சேவைகள் நகரவாரியாக வளர்ந்தமையால் அவற்றின் சொற்களும் நகரவாரியாகப் பிரிந்தன. நியூயார்க் காவலர் வானொலியில் ‘பஸ்’ கேட்டால் அவர் வேண்டுவது பயணியர் பேருந்து அன்று, ஆம்புலன்ஸ். அதே ஊர்தி ரோட் ஐலண்டில் ‘ரெஸ்க்யூ’ எனப்படும். சியாட்டில் வட்டாரத்தில் அடிப்படை முதலுதவி ஊர்தி ‘எய்ட் கார்’ எனவும், உயர்நிலைச் சிகிச்சை ஊர்தி ‘மெடிக்’ எனவும் வேறுபடுத்தப்படும். இங்கு எவரும் எதையும் மறைக்கவில்லை. பழகிய ஊரின் பெயரே அப்பணியின் பெயராகிறது.

மறைக்கும் வழக்கும் உண்டு. இறந்த நிலையில் காணப்பட்டவரை ‘டி.ஓ.ஏ.’ என மூன்றெழுத்தால் சுட்டுவது, சுற்றத்தார் அருகிருக்கும் வேளையில் மங்கல வழக்கின் பணியைச் செய்கிறது. அடிக்கடி ஆம்புலன்ஸை அழைப்பவரை ‘ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர்’, அதாவது விமான நிறுவனத்தின் வாடிக்கைப் பயணி, எனக் குறிப்பது இதற்கு நேர்மாறானது. மங்கல வழக்கு நோயாளியின் சுற்றத்தைக் காக்கிறது. இவ்வெள்ளல் வழக்கு நோயாளியையே இழிவுபடுத்துகிறது. முதுமை, வறுமை, குடிநோய் ஆகியவற்றால் மீண்டும் மீண்டும் உதவி நாடுவோர் அச்சொல்லால் ஐயத்துக்குரியோராகின்றனர். குழுவுக்குள் நகையாக வழங்கும் சொல், சிகிச்சையின் வேகத்தைத் தளர்த்தவும் கூடும்.

குறி தடையாதல்

ஊருக்குள் உதவிய குறி, ஊரெல்லை கடந்தவுடன் இடரானது. நியூயார்க் காவல்துறையில் 10-13 என்பது காவலருக்கு உடனடி உதவி வேண்டும் என்னும் அபாயக் குரல். தகவல் தொடர்பு அலுவலர் சங்கத்தின் பொதுப்பட்டியலிலோ அது வானிலை, சாலை நிலை பற்றிய செய்தி. ஒரு பேரிடருக்குப் பல மாநிலங்களின் குழுக்கள் வந்து கூடும்பொழுது இவ்வேறுபாடு உயிர்ச்சேதத்துக்கு இடமளிக்கும்.

2001 செப்டம்பர் தாக்குதலும் 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலும் துறைகளிடையிலான தொடர்பின் குறைகளை வெளிப்படுத்தின. பல துறைகள் இணைந்து செயலாற்றும் நிகழ்வுகளில் எண்குறிகளை விடுத்து எளிய மொழியே பேசவேண்டும் என்னும் விதியைக் கூட்டாட்சி அரசு 2006ஆம் நிதியாண்டு முதல் தன் நிதியுதவிக்கு நிபந்தனையாக்கியது. அன்றாட உள்துறைப் பேச்சில் குறிகளை அது தடைசெய்யவில்லை. ஆதலால் இருவழக்கு நிலை தோன்றியது: ஊருக்கு ஒரு பேச்சு, பேரிடருக்கு ஒரு பேச்சு.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. எண்குறி மேலிருந்து விதிக்கப்பட்டது. ஆகவே மற்றோர் ஆணையால் விலக்கவும் முடிந்தது. ‘பஸ்’ போன்ற சொல் பணியாளரின் நாவில் பிறந்தது. அதை இயற்றியவர் இல்லை. ஆதலின் ஆணையிட்டு நீக்குதலும் அரிது.

முடிவுரை

குழூஉக்குறியின் நோக்கம் மறைத்தல் ஒன்றே அன்று என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது. கருவியின் குறையை ஈடுசெய்தல், கேட்போர் மனத்தைக் காத்தல், ஓர் ஊரின் பணிக்குழுவாகத் தம்மை உணர்தல் ஆகிய மூன்றும் அதற்குக் காரணங்களாகின்றன. இவ்வழக்குகளைத் திரட்டும் வாய்ப்போ குறைந்து வருகிறது. டென்வர் காவல்துறை 2019இலும், நியூயார்க் காவல்துறை 2023 முதலும் தம் வானொலிப் பேச்சைப் பிறர் கேட்க இயலாதவாறு மறைக்குறியாக்கத் தொடங்கின. காவலர் அலைவரிசையில்தான் ‘பஸ்’ போன்ற சொற்கள் மிகுதியும் ஒலித்தன. பணியாளர் பாதுகாப்பும் நோயாளியின் அந்தரங்கமும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும், எழுத்தில் பதியாத ஒரு பேச்சுவழக்கு செவிக்கும் எட்டாமற் போகுமாயின், அதன் வரலாற்றைப் பணி ஓய்வு பெற்றோரின் நினைவிலிருந்தே மீட்கவேண்டியிருக்கும். தொழில்வழக்கு அகராதிகள் தொகுப்போர் அப்பணியைக் காலந்தாழ்த்தாமல் மேற்கொள்ளுதல் வேண்டும்.