கோணிய பலகையும் ஓடாவியின் கண்ணும்



எமது ஊர்களில் புது வீடு எழும்பும்போது பழைய முதிரைக் கதவும் பாலைப் பலகையும் வளவு மூலைக்குப் போய்விடுகின்றன. "கோணிப் போச்சு, விறகுக்குத்தான் சரி" என்று முடிவெடுத்து விடுகிறோம். ஆனால் கோணிய பலகையை மட்டமாக்குவது மனிதனின் மிகப் பழைய கைவேலைகளில் ஒன்று. அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

மரம் ஏன் கோணுகிறது? ஈரம் போகும்போது அது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதை விட, வளையங்களின் போக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் பலகை ஓடு போலக் குழிகிறது. நார் சுற்றி வளர்ந்த மரமென்றால் முறுகுகிறது. பாரம் வைத்து அமுக்கினாலும், பாரத்தை எடுத்ததும் பெரும்பாலும் பழையபடியே ஆகிவிடும். மேட்டைக் கண்டுபிடித்துக் குறைப்பதுதான் வழி.

பண்டைய எகிப்தியரிடம் சீவுளி இருக்கவில்லை. சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன், ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் தச்சர்கள் வாச்சியால் மரம் செதுக்குவதை வரைந்திருக்கிறார்கள். செதுக்கிய பலகையை மணற்கல்லால் தேய்த்து மட்டமாக்கினார்கள். உரோமர் காலத்தில் சீவுளி வந்துவிட்டது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரிலிருந்து சீவுளிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சீவுளியின் நீண்ட அடிப்பாகம் பள்ளத்தில் இறங்காது. மேட்டின் மேலேயே ஓடும். அதனால் அலகு மேட்டை மட்டும் வெட்டும்.

எமது நாட்டுக்கு வந்தால், கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் தந்தவை. லாச்சி ஒல்லாந்தர் தந்தது. சாமான்களின் பெயர்கள் கப்பலில் வந்தன. ஆனால் ஓடாவியின் கையிலிருந்த உளியும் வாச்சியும் அதற்கு முன்பே எம்மிடம் இருந்த சொற்கள்.

வேலைமுறை இன்றும் எளிதுதான். பலகையைப் பல நாள் நிழலில், இரு பக்கமும் காற்றுப்பட வைக்க வேண்டும். பிறகு குழிந்த பக்கம் கீழே வரும்படி வைத்து, ஆடாமல் ஆப்பு கொடுக்க வேண்டும். நேரான இரண்டு சட்டங்களைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முறுக்கு எங்கே என்று தெரிந்துவிடும். உயர்ந்த இடத்தைச் சோக்கால் குறித்து, முதலில் குறுக்காகவும் பிறகு நார் வழியாகவும் சீவ வேண்டும். ஒரு முகம் மட்டமானதும், அதிலிருந்து கனத்தை அளந்து கோடு கீறி மறுமுகத்தைச் சீவ வேண்டும். ஒன்றரை அங்குலப் பலகையில் கால் அங்குலம் போனாலும் கதவுக்குப் போதும்.

இதற்கு மின்சாரம் வேண்டாம். பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணுள்ள ஓடாவிமார் எமது ஊர்களில் குறைந்து வருகிறார்கள். விறகுக்குக் கொடுக்குமுன் ஒரு தடவை அவர்களிடம் காட்டுவோம். அவர் அந்தச் சட்டங்களை வைத்துப் பார்க்கும்போது எமது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்துவோம். பலகையோடு வேலையும் மிஞ்சும், இன்ஷா அல்லாஹ்.