ரெகுலேட்டரும் எங்க ஊர் முத்துக்குளியும்

அல்சூர் ஏரியைப் பார்த்துக்கொண்டே கடல் சாமான் வாங்க யோசிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். அந்தமானில் ஸ்கூபா பயிற்சி முடித்து வந்த கையோடு, சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் செட் வாங்க வேண்டும் என்று ஆசை. எது நல்லது என்று தேடப்போய் பழங்கதையில் மாட்டிக்கொண்டேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, அதுவும் ஒரு காரணம்.

சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். (இந்தப் பார் வேறு, எங்க ஊர் முத்துப் பார் வேறு!) ரெகுலேட்டரின் முதல் நிலை, அதைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடப் பத்து பார் போல அதிகம் என்கிற அளவுக்குக் குறைக்கும். வாயில் கடிக்கிற இரண்டாம் நிலை, நாம் இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும்.

இந்தக் கருவியின் பூர்வீகம் கடல் அல்ல, சுரங்கம். விஷவாயு நிறைந்த சுரங்கத்தில் இறங்குபவர்களுக்காக 1860இல் ரூக்கேரோல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் செய்தது. 1864இல் தெனைரூஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து அதைக் கடலுக்குக் கொண்டுபோனார். அப்புறம் பல வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் பிரான்சில் பெட்ரோல் இல்லை. காரை வாயுவில் ஓட்ட எமில் கான்யான் ஒரு வால்வு செய்தார். (நம்மூரில் கரிவாயு பஸ் ஓடியதும் அதே காலம்தான்.) அந்த வால்வைத்தான் கூஸ்தோ மூச்சுக்கு மாற்றச் சொன்னார். 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதனை. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே வரவில்லை. காற்று வெளியேறும் துளையை உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்ததும் சரியாகிவிட்டது. ஜூனில் கடலில் இறங்கிவிட்டார்.

தூத்துக்குடியில் அதற்கு அப்புறமும், 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துக்குளிப்பில், கல்லும் கயிறும் மூச்சடக்கலும்தான். 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.மகாதேவனும் கே.நாகப்பன் நாயரும் ஸ்கூபா கட்டிக்கொண்டு எங்க ஊர்ப் பார்களில் இறங்கி ஆராய்ந்தார்கள். ஆனால் அந்தக் கருவி சங்குகுளியாட்கள் கைக்குப் பரவலாக வரவே இல்லை. பின்னாளில் அவர்களுக்கு வந்தது படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு டியூப். இன்ஜின் நின்றால் காற்றும் நின்றது. மணிக்கணக்கில் கீழே இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும்.

எங்க மாமா ஒருத்தர் அப்படிக் குளித்தவர். இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். போன தடவை ஊருக்குப் போனபோது ரெகுலேட்டர் படத்தைக் காட்டினேன்.

"வாயி எதுக்குலே ரெண்டு?"

"கூட வர்ற ஆளுக்கு காத்து தீந்துட்டா குடுக்கதுக்கு மாமா."

ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விலை கேட்டார். நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன்.

இன்னும் வாங்கவில்லை. ஆழம் கூடினாலும் சிலிண்டர் காலியானாலும் ஒரே மாதிரி இழுக்க வரும் பேலன்ஸ்டு டயாஃப்ரம், உபரி வாய் ஒன்று, பிரஷர் கேஜ். வருஷா வருஷம் சர்வீஸ் செய்ய பாகம் கிடைக்க வேண்டும். அந்த ஒன்றை விசாரிக்கத்தான் இந்தச் சனிக்கிழமை போகிறேன்.