பெரும்படையைத் தேய்த்த சிறுநாடு

தலைநகர் வீழ்ந்தால் நாடும் வீழ்ந்தது என்று கருதுவோர் உளர். தலைநகரை மும்முறை இழந்தும் நாட்டை இழவாத மக்களின் வரலாறு இக்கருத்தைப் பொய்யாக்குகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியரை எதிர்த்து நின்ற வியட்நாமியரே அம்மக்களாவர்.

அந்நாளில் அவர்தம் நாட்டிற்கு டாய் வியட் என்பது பெயர். திரான் மரபினர் அதனை ஆண்டனர். தாங் லோங் அதன் தலைநகர். இன்றைய ஹனோய் நகரமே அது. 1258-ஆம் ஆண்டில் மங்கோலியர் முதன்முறையாக அந்நகரினுள் புகுந்தபோது அது வெறுமையாய்க் கிடந்தது. அரசரும் மக்களும் முன்னரே வெளியேறியிருந்தனர். பின்னர் அரசர் படை திரட்டி வந்து தாக்கவே, மங்கோலியர் பின்வாங்கினர்.

1279-இல் சீனம் முழுவதும் குப்ளாய் கானின் ஆட்சிக்குள் வந்தது. அவன் பார்வை மீண்டும் தெற்கே திரும்பிற்று. பணிவதா, பொருவதா என்று கேட்க, முன்னாள் மன்னர் நாட்டு முதியோரை அரண்மனைக்கு அழைத்தார். அனைவரும் ஒரே குரலில் போரையே வேண்டினர் என வியட்நாமிய வரலாற்று நூல் கூறும். எதிர்க்க இயலாதோர் மலைக்கும் காட்டிற்கும் செல்லலாம், சரணடைதல் மட்டும் கூடாது என்று ஊர்தோறும் ஆணை பிறந்தது.

1285-இல் குப்ளாயின் மைந்தன் தோகான் வடக்கிலிருந்தும், தளபதி சோகெத்து தெற்கே சம்பா நாட்டிலிருந்தும் நெருக்கினர். தலைநகர் மீண்டும் வீழ்ந்தது. அரச குடும்பத்தாருள்ளும் சிலர் பகைவரை அடைந்தனர். ஆயினும் படைத்தலைவர் திரான் ஹுங் தாவ் கலங்கினாரல்லர். தம் படை அழியாவண்ணம் பின்வாங்கிக் காலம் பார்த்திருந்தார். கோடை வந்தது, வெப்பமும் மழையும் நோயும் வடவர் படையை வாட்டின. அதன் பின்னரே அவர் திருப்பித் தாக்கினார். சோகெத்து களத்தில் மாண்டான், தோகான் தப்பியோடினான்.

1287-இன் இறுதியில் மூன்றாம் படையெடுப்பு நிகழ்ந்தது. இம்முறை மங்கோலியர் உணவையும் கப்பலில் ஏற்றி வந்தனர். வான் டோன் கடற்பகுதியைக் காத்த திரான் கான் தூ, முன்னே வந்த போர்க்கப்பல்களிடம் தோற்றார். தண்டிக்க அழைத்தபோது அவர் சில நாள் தவணை கேட்டார். பின்னே வரும் உணவுக் கப்பல்களுக்குக் காவலில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவற்றை அவர் அழித்தபோதே பெரும்படையின் முதுகெலும்பு முறிந்தது.

பசியால் தளர்ந்த படை 1288-இல் திரும்பலாயிற்று. அதன் கப்பல்கள் பாக் தாங் ஆற்றின் வழியே வந்தன. அவ்வாற்றின் அடியில் கூராக்கிய மரங்கள் நடப்பட்டிருந்தன. கடலேற்றத்தில் அவை நீருள் மறைந்திருந்தன. நீர் வற்றியதும் கப்பல்கள் அவற்றில் சிக்கின. தளபதி உமர் சிறைப்பட்டான். 938-இல் நிகோ குயென் அதே ஆற்றில் கையாண்ட முறையே இது.

வெற்றிக்குப் பின்னர் அவர்கள் செய்தது யாது? சிறைப்பட்டோர் பலரை அனுப்பிவிட்டுக் குப்ளாய்க்குத் திறையும் செலுத்தினர். இது கோழைமையன்று, வென்ற நாட்டிற்கும் உழுது விதைக்கக் காலம் வேண்டுமன்றோ? 1294-இல் குப்ளாய் இறந்தான். மீண்டும் படையெடுக்கும் எண்ணமும் அவனோடு கைவிடப்பட்டது.

1300-இல் திரான் ஹுங் தாவ் நோயுற்றிருந்தார். வடவர் மீண்டும் வரின் செய்வது என்னவென்று அரசர் அவரை வினவினார். மரக்கழிகளையோ கப்பல்களையோ அவர் முதன்மையாகக் கூறவில்லை. அமைதிக் காலத்தில் குடிகளின் சுமையைக் குறைத்து அவர்தம் வலிமையைப் பேணுதலே நாட்டைக் காக்கும் நெடிய வழி என்றார்.

மும்முறையும் வீட்டையும் வயலையும் விட்டுக் காடேகியவர் அக்குடிகளே. அவர்கள் பொறுத்ததனால்தான் காலமும் வெப்பமும் பசியும் படைத்தலைவருக்குத் துணையாயின. வென்ற தளபதி அக்கடனை மறவாதிருந்தார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பாகும்.